மேலதிகாரி: கர்த்தர்

சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று ஆலயக் கமிட்டி தீர்மானம் போட்டதும் எழுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருடமாக மாதம் தவறாமல் கவர் ஒட்டி ஒட்டி அவர் நாக்கே பசையாகியிருந்தது. அதிலும் ஆலயத்தைப் பெருக்கும் அக்காவின் கவரில் 'சம்பளம்' என்று எழுதக் கூடாது, 'அன்பளிப்பு' என்றுதான் எழுத வேண்டும். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை ஐந்தரைக்கு வந்து பெஞ்சு துடைப்பவருக்கு அன்பளிப்பு.

அந்த வாரம் அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இருக்கற வீட்ட விக்கறாங்க. புது வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேக்கறாரு. சனிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளுக்கு விட்ருவாராம்."

"அதான் கம்ப்யூட்டர்ல வரப்போகுதேக்கா, குடுத்துடலாம்" என்று எழுத்தர் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மென்பொருளோ விடாக்கண்டன். ஒவ்வொருவருக்கும் ஒரு மேலதிகாரியைக் காட்டச் சொன்னது. அவர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் சம்பளமும் சீட்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாக முறைத்தது.

"எனக்கு மேல கர்த்தர் ஒருத்தர்தான்" என்றார் போதகர்.

"இவர வேலைக்கு வெச்சதே கமிட்டி. கமிட்டியப் போடுங்க" என்றார் கமிட்டிச் செயலாளர்.

இரண்டு நாள் இழுபறி. கர்த்தருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் என்ற பெயர் எதற்கு என்று கடைசியில் செயலாளர் இறங்கிவந்தார். எழுத்தர் 'கர்த்தர்' என்று அடித்தார். மென்பொருள் உடனே அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டது. வேறு போக்கில்லாமல் ஆபீஸ் முகவரியையே கொடுத்துவைத்தார்.

அடுத்து அக்காவின் பெயர்.

"அவங்க வேலையாள் இல்ல தம்பி, நம்ம குடும்பம்" என்று போதகர் உருகினார்.

"லிஸ்ட்ல ஏத்துனா நாளைக்கு லீவு கேப்பாங்க, போனஸ் கேப்பாங்க" என்றார் செயலாளர், உருகாமல்.

சரி, மேலதிகாரி யார் என்று கேட்டால், பெருக்குகிற வேலை கமிட்டியுடையது என்றார் போதகர். ஆலயத்துக்குள் நடப்பதெல்லாம் போதகர் பாடு என்றார் செயலாளர். அப்படியானால் விட்டுவிடலாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே மனது.

வெள்ளிக்கிழமை காலை எழுத்தர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே அக்கா படி கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் 'அன்பளிப்பு' என்று எழுதியது தன் கைதானே என்று நினைத்தபோது எழுத்தருக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் பெயரை ஏற்றினார். மேலதிகாரி கட்டத்தில் கர்த்தரைப் போட்டார். ஆபீஸ் முகவரிக்கு ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். சீட்டு வந்தது. அதை அப்போதே அக்கா கையில் கொடுத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே போதகர்.

"பெருக்கற அம்மாவ யாரு சேத்தது? யாரு அப்ரூவ் பண்ணா?"

"கர்த்தர் சார். வெள்ளிக்கிழமை பத்து நாப்பதுக்கு."

செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் கூரையைப் பார்த்தார். கர்த்தரின் ஒப்புதல் செல்லாது என்று யார் சொல்வது? செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். போதகர் மட்டும் நின்றார்.

"தம்பி, என் சம்பளம் இன்னும் வரலியே?"

"அதுவும் அவர்கிட்டதாங்க ஐயா நிக்குது. ஜெபம் பண்ணிக்குங்க."