அருள்நாயகம் அண்ணையின் வலது கை

1

இந்தக் கதை மான் இறைச்சியில் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில், ஊரைவிட்டு அகதிகளாக வந்து, வோபர்ன் என்ற பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கீழ்த்தளத்தில் டங்கன் என்றொரு வெள்ளைக்காரக் கிழவர். கொரியப் போரில் இரண்டு காலையும் இழந்தவர், சக்கர நாற்காலி. ஒவ்வொரு நவம்பரும் தான் சுட்ட மானில் எங்களுக்கும் பங்கு தருவார். எங்களில் மூத்தவரான அருள்நாயகம் அண்ணை அதைப் பிரட்டல் ஆக்குவார். வாசம் லிஃப்ற் வரை போகும். போன கிழமை மில்லிக்கனில் ஒரு கடை வாசலில் அதே வாசம் வந்து

[இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன். கடையில் மணத்தது ஆட்டிறைச்சி. மான் என்று எழுத மனம் வரவில்லை.]

2

இரண்டாவது தொடக்கம்: "அருள்நாயகத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போனது"

[இங்கேதான் சிக்கிக்கொண்டேன்.]

எப்படிப் போனது? எனக்குத் தெரியாது. கண்ணிவெடியா, ஷெல்லா, துவக்கோடு நின்று சுட்டபோதா, துவக்குக்குப் பயந்து ஓடியபோதா? ஊரிலிருந்து வந்த எவரிடமும் அந்த நாளில் நாங்கள் இதைக் கேட்பதில்லை. யார் குளியலறையில் தலைமயிரை விட்டுவிட்டுப் போனது என்று சண்டை பிடிப்போம். காலைப் பற்றி வாயே திறக்கமாட்டோம்.

டங்கனும் கேட்கவில்லை. தானாகவே முடிவுகட்டிவிட்டார். "சோல்ஜர்" என்றுதான் கூப்பிடுவார். அண்ணை சிரிப்பார். ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

3

டங்கனிடம் ஒரு விசேஷ பெர்மிட் இருந்தது: காட்டோரம் தன் வான் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே சுடலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பழைய படையினருக்கு மட்டும். பெர்மிட் இல்லாத எவரும் அந்த வானுக்குள் இருக்கக்கூடாது. (இது என் கதையின் விதி. சட்டப் புத்தகத்தில் தேடி மினக்கெடாதீர்கள்.) பொய்க்கால் போட்டவர்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று அவருடைய பழைய படையினர் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. பொய்க்கால் போட்டு நடந்த அண்ணையையும் டங்கன் வரச் சொன்னார்.

"தம்பி, நீயும் வா. உவங்கட இங்கிலிசு எனக்குப் பாதிதான் விளங்கும்."

"துவக்குத் தூக்கப் போறியளோ அண்ணை?"

"சீச்சீ, ஆருக்கு வேணும் உது? மனுசன் வருசா வருசம் பனிக்குள்ள தனியக் கிடக்குது. பக்கத்தில ஒரு ஆள் இருந்தா நல்லமெல்லே."

4

மண்டபத்தில் பியரும் ஈரக் கோட்டுகளும் மணத்தன. தலைவர் எழுந்தார். "போருக்குப் போய்க் காலை இழந்தவர்கள் கை தூக்குங்கள். பெயர்களை மந்திரிக்கு அனுப்பவேண்டும்." அங்கங்கே கைகள் எழுந்தன. டங்கன் நாற்காலியைத் திருப்பி, "தூக்கு, சோல்ஜர்" என்றார். கிழவரின் முகத்தில் அப்படியொரு ஆசை.

அண்ணையின் அகதி வழக்கு அடுத்த மாதம். போருக்குப் போனவர் என்று பெயர் பதிந்தால், எந்தப் படை, யாரைச் சுட்டாய் என்று கேட்பார்கள். திருப்பி அனுப்பியும் விடுவார்கள்.

"என்னடா தம்பி செய்ய?" என்றார் மெதுவாக. நான் பதில் சொல்வதற்குள் அவருடைய வலது கை மடியைவிட்டு எழுந்தது.

5

முடிவு ஒன்று: தூக்குகிறார். நவம்பரில் இருவரும் வானில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். மான் வரவில்லை. அகதி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது.

முடிவு இரண்டு: அந்தக் கையால் தலையைச் சொறிகிறார். வழக்கு வெல்கிறார். டங்கன் இறைச்சி தருவதை நிறுத்தவில்லை. "சோல்ஜர்" என்று கூப்பிடுவதைத்தான் நிறுத்திவிட்டார்.

[இரண்டையும் வெட்டிவிட்டேன்.]

உண்மையில் என்ன நடந்தது? நான் பக்கத்தில்தானே இருந்தேன், தெரியும். ஆனால் சொன்னால், அந்தக் கால் எப்படிப் போயிருக்கும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். இப்போது ரூஜ் பகுதியில் எனக்குச் சொந்த வீடு. ஒருவருக்கும் கேட்காமல் மூன்று கதவு சாத்தலாம். ஆனாலும் நினைவு போவது சுவர் மெலிந்த அந்த அப்பார்ட்மென்டுக்குத்தான். ஐந்து பேர் நெருங்கிப் படுத்தோம். ஒருவன்கூட அவரைக் கேட்கவில்லை.

கை இப்போது சேர்ட்டின் மூன்றாவது பொத்தானளவில் நிற்கிறது. டங்கன் பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்குவதோ இறக்குவதோ உங்கள் பாடு. ஏன் என்று மட்டும் அண்ணையைக் கேட்டுவிடாதீர்கள்.