நாடு எவிடயா?

என் வீட்டுக்காரர் கோலப்பனுக்கு வாயில்தான் சனி. எழுதிக் கொடுக்கச் சொன்னால் ஒரு பிசகு வராது. பேசச் சொன்னால் போயிற்று.

மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களுக்குக் காலைப் பலகாரம் கொடுக்க டெண்டர் விட்டிருந்தார்கள். கரமனையில் ஆற்றுப் பக்கமாக எங்கள் சமையல்கூடம். கல்யாண ஆர்டர் எல்லாம் பெரிய கேட்டரிங்காரர்கள் பக்கம் போய் வெகுநாளாகிவிட்டது. இதுவும் கிடைக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, கூட வேலை செய்யும் பெண்களை வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். அதை நினைத்தே எனக்கு உறக்கம் இல்லை.

கொச்சிக் கம்பெனி ஒன்று எங்களைவிடக் குறைத்துக் கேட்டிருந்தது. ஆனால் இந்த முறை புது விதி. உள்ளூர்க்காரர் அதே விலைக்கு இறங்கி வந்தால் கான்ட்ராக்ட் அவருக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினோம். உடனே அந்தக் கம்பெனி மேனேஜர் ஸ்ரீஜித் புகார் கொடுத்துவிட்டான். இவர்கள் உள்ளூரே இல்லையாம், தமிழ்நாட்டு வியாபாரிகளாம், கரமனையில் பேருக்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்களாம். பாவி, கரமனையில் படிக்கிற காலத்தில் எங்கள் அடுப்புத் தோசை தின்று வளர்ந்தவன். அதற்குத்தான் அன்றைக்கு மாநகராட்சி ஆபீசில் விசாரணை.

அதிகாரி ஜிஷா மேடம் லைசென்ஸைப் பார்த்தார், வரிச் சீட்டைப் பார்த்தார், எல்லாம் சரி என்று தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"சேட்டா, நாடு எவிடயா?"

மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். கரமனை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இவர் பிறந்தது இங்கே, இவர் அப்பா பிறந்ததும் இங்கே. ஆனால் இவர் வீட்டு ஆட்களிடம் ஊர் எது என்று கேட்டால் ஒரே பதில்தான். தாத்தா மூட்டையோடு விட்டுவந்த தமிழ்நாட்டு ஊர். அங்கே ஒரு பிடி மண் கிடையாது, சொந்தக்காரர் கிடையாது. குலதெய்வம் சாஸ்தா கோயில் மட்டும் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்.

"பணகுடி" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஸ்ரீஜித் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டான்.

"அப்போ லோக்கல் அல்லல்லோ மேடம். அவர் தன்னே பறஞ்ஞில்லே?"

உள்ளூர் இல்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். ஜிஷா மேடத்தின் முகம் மாறிவிட்டது. ஓணம் வந்தால் நாட்டுக்குப் போகிறேன் என்று பாலக்காட்டுக்கு ரயில் ஏறுகிற பொம்பளைதான் அவரும். அவரை யாரும் வெளியூர் என்று சொன்னதில்லை. அதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொன்னால் கான்ட்ராக்ட் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

மேடம் பேனாவை எடுத்துக்கொண்டு, நான் எழுதப்போகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பணகுடிதான் சொந்த ஊரா, இல்லையா என்று மறுபடி கேட்டார்.

மேஜைக்கடியில் இவர் காலை என் காலால் அழுத்தி மிதித்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் நான் மின்விசிறியைப் பார்த்தேன். காலை மட்டும் எடுக்கவில்லை.

"இல்ல மேடம். அது எனக்க ஊரு இல்ல. நாடு கரமனை."

மேடம் எழுதிக்கொண்டார். புகார் தள்ளுபடி, கான்ட்ராக்ட் எங்களுக்கு. ஸ்ரீஜித் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். எனக்கு அங்கேயே குதிக்கலாம்போல இருந்தது.

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் நான்தான் பேசினேன். புதுக் கிரைண்டர் வாங்கணும், பாத்திரத்துக்கு ஈயம் பூசணும் என்று அடுக்கினேன். இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தோஷமான நாளில் மூஞ்சியை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

கோயில் வாசலில் தேங்காய் விற்கிற அம்மாள் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஊரிலிருந்து சாமி கும்பிட வந்தவர்கள் என்று நினைத்திருப்பாள்.

"நாடு எவிடயா?"

இவர் உடனே என் காலைப் பார்த்தார். ஐயோ. நான் மிதிக்கப் போகிறேனா என்று பார்க்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"கரமனை" என்றார், தேங்காயைப் பார்த்துக்கொண்டே.

"இல்லம்மா, பணகுடியாக்கும்" என்றேன் நான். "இவருக்க சாஸ்தா அங்கதான் இருக்கு."

அந்த அம்மாள் சரி சரி என்று மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேங்காயை ஓங்கினார்.