பன்னிரண்டு நட்டு

என் கணவர் நீர்மூழ்கிக் கப்பல் கட்டினார். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

துணி வெளுக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவர். ஆலையை இழுத்து மூடினார்கள். மற்ற ஆண்கள் வேலை போனால் வீட்டில் படுத்துக்கொண்டு உயிரை வாங்குவார்கள். இவர் ஆலையில் கழித்துப்போட்ட சுடுநீர்த் தொட்டியை லாரியில் ஏற்றிவந்து வண்டி நிறுத்தும் கொட்டகையில் இறக்கினார். அன்றிலிருந்து எட்டு மாதம் வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லை. வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவு கப்பலுக்கு ஜன்னலாகப் போயிற்று. நான் குத்தவைத்துத் துணி துவைத்தேன். சைக்கிள் பெடலும் சங்கிலியும் உள்ளே போயின. அதை மிதித்தால் பின்னால் என் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றும், கப்பல் நகரும். ஏதாவது கேட்டால், "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் இடம். வீட்டுக்கு வந்தால் என் வாயை மூடச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்குவாரிக் குட்டையில் கப்பலை இறக்குவதாகத் திட்டம். நாற்பது அடி ஆழம். முந்தின நாள் காலையில் ஒழுகுகிறதா என்று பார்த்தாக வேண்டும். வெளியே குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெல்டிங் எல்லாம் செய்தவர் என் கொழுந்தன். ஆனால் அவர் தொப்பை கப்பலின் வாய்க்குள் இறங்காது.

"அண்ணி, நீங்க போங்களேன். ரெண்டே நிமிஷம்," என்றார்.

இறங்கினேன். தலைக்கு மேல் இரும்பு மூடி உட்கார்ந்தது. பன்னிரண்டு நட்டையும் இறுக்கினார்கள். தண்ணீர் மழையாக இரைந்தது. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை சுத்தம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தட்டினேன். திறக்கவில்லை. ஜன்னலில் பார்த்தால் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள். சரி, நாமே திறப்போம் என்று டார்ச்சை மேலே அடித்தேன். மொழுமொழுவென்று இரும்பு. கைப்பிடி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, ஒரு கொக்கிகூட இல்லை. பயந்துபோனேன். எனக்காக இல்லை. நாளைக்கு இதே இடத்தில், தண்ணீருக்கு அடியில், இந்த மனுஷன் உட்காரப்போகிறார்.

ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"உள்ளேருந்து இதை எப்படித் திறக்கறது?"

"பாய்லர் மூடியெல்லாம் வெளியிலதாம்மா முடுக்கணும்," என்றார் கணவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"பாய்லருக்குள்ள ஆள் உக்காருவாங்களா?"

"நீதான் கரையில ஸ்பானரோட நிப்பியே. நான் மேல வந்ததும் திறந்துவிடப் போறே."

"குட்டைக்கு நடுவுல மேல வந்தா? எனக்கு நீச்சல் தெரியாதே. மேல வரவே முடியலைன்னா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர். எவ்வளவு எடை வைத்தால் மூழ்கும், உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்று நோட்டு நோட்டாக எழுதியவர். வெளியே வருவதை மட்டும் என்னைக் கேட்காமலே என் தலையில் கட்டியிருக்கிறார். அது தப்பென்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. குளியலறையிலிருந்து குரல் கொடுத்தால் துண்டு வரும் இல்லையா, அதுமாதிரி கப்பலிலிருந்து தட்டினால் நான் வருவேன். இருபத்தெட்டு வருஷமாக வந்திருக்கிறேனே, அவரைச் சொல்லி என்ன! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சரி, நீங்க உக்காந்து காட்டுங்க," என்றேன்.

வீராப்பாக இறங்கினார். கொழுந்தன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி, பன்னிரண்டு நட்டையும் நானே இறுக்கினேன். பிறகு ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காற்று ஒரு மணி நேரம் தாங்கும் என்று அவர் கைப்படவே எழுதியிருந்தார். தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துப் பலமாகத் தட்டினார். அப்புறம் இரண்டு கையாலும்.

"போதும் அண்ணி. பாவம் அண்ணன்."

"சும்மா இருங்க தம்பி. நான் கரையில இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. முதலில் கோபம். பிறகு அவரும் டார்ச்சை மேலே அடித்தார். மூடியை விரலால் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். தட்டுவதை நிறுத்திவிட்டார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. ஓடிப்போய் நட்டைக் கழற்றினேன். அவசரத்தில் ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கியது.

வெளியே வந்தவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். சாக்பீஸ் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கினார்.

"கை எங்க எட்டுதுன்னு குறிச்சுக்கறேன். மூடியைக் கொஞ்சம் இழுத்துவிடும்மா."

"மாட்டேன்," என்றேன். "நீங்களே மூடி நீங்களே திறக்கற மாதிரி செஞ்சிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் என் கை அதுமேல படாது."