எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நுனிகள்

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எங்கள் ஊரின் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் சாக்கடை வந்தது. தெருவிலிருந்து வழிந்து வரவில்லை. குழாய் வழியாக, ஒழுங்காக, வீட்டுக்கு ஒரு பங்கு என்று வந்தது. பதினொன்று பதினாலு வரைக்கும் அந்தக் குழாய்கள் ஊரில் கிடையாது. யாரும் பள்ளம் தோண்டவில்லை, ஒரு கூடை மண் எங்கும் கொட்டிக் கிடக்கவில்லை. அன்றைக்கு வெயில் சுமார். உருளைக்கிழங்கு முந்தின நாள் விலைக்கே விற்றது. இதை மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். நடுவில் இரண்டொரு முறை எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெரிந்ததுதான். வடிகால் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கூட்ட அறை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ஒரு திட்டத்தைப் படமாகக் காட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஏழு அதிகாரிகளும் 'சரி' சொல்லிவிட்டால் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். இப்படியே பல வருடம் நடந்ததில் வேலைகளுக்கும் அது பழகிப்போய், சரி சொன்ன நிமிடமே தாமாக முளைக்கத் தொடங்கின. வடக்குப் பூங்கா அப்படி வந்ததுதான். மரங்கள் எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அட்டை கனம்கூட இல்லை. புதிய பேருந்து நிறுத்தத்தில், படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒட்டிய சிரிக்கும் குடும்பம் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலில் அப்பாவின் சட்டை மட்டும் வெளுத்திருக்கிறது. ஏழு பேரும் வெளியே போய் எதையும் பார்ப்பதில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்ப்பார்கள், அது உடைந்து உள்ளே விழும், விரலை விட்டுத் துழாவி எடுத்துத் தின்றபடி சரி சொல்வார்கள். அதே விரலால் கையெழுத்தும் போடுவார்கள். சீ.

அந்தப் படங்களைச் செய்பவளை அலுவலகத்தில் ஸ்லைடக்கா என்பார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் "நெக்ஸ்ட்" என்பார், அவள் பொத்தானை அமுக்குவாள், அடுத்த படம் வரும். அவர் வாயிலிருந்து அங்கே வேறு சொல் வராததால் அவருக்கு நெக்ஸ்டு சார் என்றே பெயர். இரண்டு நெக்ஸ்டுக்கு நடுவில் அவளுக்கு வேலை கிடையாது, ஆனால் எழுந்து போகவும் கூடாது. அந்தச் சும்மா நேரத்தில், ஸ்லைடு செய்கிற அதே சாதாரண மென்பொருளில், அவள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு கோடு போடுவாள். அதை நகலெடுத்துப் பாதியாகச் சுருக்கி, கோட்டின் நுனியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று சாய்த்து ஒட்டுவாள். மூன்றையும் குரூப் செய்தால் ஒரே படம். அந்த மொத்தப் படத்தையும் நகலெடுத்துப் பாதியாக்கி, புதிதாக ஒரு கோடு போட்டு, அதன் நுனியில் மறுபடி இரண்டு. மறுபடி குரூப், மறுபடி நகல், மறுபடி பாதி. ஆறேழு சுற்றில் திரையில் ஒரு மரம் நிற்கும். அதில் எந்தக் கிளையைத் தனியாகப் பார்த்தாலும் அதே மரம் குட்டியாக இருக்கும், காலிஃபிளவரை உடைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் பூவாகத் தெரிகிற மாதிரி. முக்கோணத்தில் செய்து பார்த்தாள், நட்சத்திரத்தில் செய்து பார்த்தாள். இதற்கு ஃபிராக்டல் என்று பெயர் இருப்பது வெகுநாள் கழித்து ஒரு வார இதழைப் புரட்டும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பாதாள சாக்கடை வேண்டும் என்று ஊர் பதினைந்து வருடம் மனுக் கொடுத்த பிறகு, மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார் நெக்ஸ்டு சார். ஸ்லைடக்காவுக்கு ஆசை வந்துவிட்டது, பாவம். தன் மரத்தையே குழாயாக்கினாள். ஆள் குனியாமல் நடக்கிற அகலத்தில் ஒரு தண்டு, அது பிரிந்து இரண்டு, இரண்டு நாலு, நாலு எட்டு. பதிமூன்று சுற்று. கம்ப்யூட்டர் இரண்டு தடவை படுத்துவிட்டது. கடைசியில் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நுனிகள், ஒவ்வொன்றும் தலைமயிர் கனத்தில். தண்டின் அடியில் அலுவலகக் கட்டடத்தின் படத்தை வைக்கச் சொன்னார் சார், வைத்தாள். குழாயில் ஓட்டம் தெரிய வேண்டும் என்றார். முதல் கோட்டிலேயே ஓர் அம்புக்குறி போட்டாள். பிழை அங்கேதான். மரம் வரைகிறவள் தண்டிலிருந்து நுனிக்குத்தான் வரைவாள். அம்பும் அப்படியே போனது. சாக்கடை வீட்டிலிருந்து தண்டுக்கு வர வேண்டியது என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. ஓர் அம்பு பதினாறாயிரத்துச் சொச்சம் அம்பாக நகலானது. அதன்பின் அந்தப் படத்தை வைத்து ஏழு கூட்டம் நடந்தது. ஒருவர் நீலத்தை இன்னும் கொஞ்சம் தூக்கலாக்கச் சொன்னார். ஒருவர் தம் பெயரை இரண்டாம் வரியிலிருந்து முதல் வரிக்கு ஏற்றச் சொன்னார். இன்னொருவர் ஏழு கூட்டத்திலும் தூங்கினார். அம்பை ஒருத்தரும் பார்க்கவில்லை. மேலிடத்துக் குழு கை தட்டியது, ஏழு பேரும் சரி சொன்னார்கள், மணி பதினொன்றே கால்.

அவ்வளவு சாக்கடை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. தண்டின் அடியில் எந்தக் கட்டடம் இருந்ததோ அங்கிருந்துதான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? குழாய் மயிரிழைதான், ஆனால் நிற்காது. காலையில் துடைத்த தரையில் மதியத்துக்குள் விரல்கடை உயரம் நிற்கும். மேலே எண்ணெய்ப் பளபளப்பு. அதில் யாருடையதென்று தெரியாத முடிச்சுருளும் ஊறி உப்பிய பிஸ்கட்டும் மிதக்கும். வீடுகளைவிட நுனிகள் அதிகம் என்பதால் மிச்சம் கண்ட இடத்தில் முளைத்தன: பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையில், வக்கீலின் பீரோவில், பல் டாக்டரின் நாற்காலிக் கைப்பிடியில். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் ஒரு நுனியை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த இடத்தில் பாதி அளவில் இரண்டு முளைத்தன. இரண்டையும் அறுத்தார், நாலு வந்தது. பையைச் சுருட்டிக்கொண்டு போனவர் இப்போது மின்விசிறி மாட்டும் வேலைக்கு மட்டும் போகிறார்.

ஸ்லைடக்காவின் வீடு தரைத்தளத்தில் இரண்டு அறை. தாய் தகப்பன் போன பிறகு அவளே வளர்த்த தங்கை, எட்டு மாத வயிற்றோடு அங்கே இருந்தாள். தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. தங்கை காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓங்கரித்தாள். குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. பிள்ளையைப் பெற்று எங்கே கிடத்துவேன் என்று அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ குழந்தையோடு வருவதற்குள் தரை காய்ந்திருக்கும் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். "நான் வரைஞ்சதுதானே. நானே மாத்திடுறேன்" என்றாள்.

மறுநாளே நெக்ஸ்டு சாரிடம் போய் அம்பு தலைகீழாக இருப்பதைச் சொன்னாள். முதல் அம்பைத் திருப்பிவிட்டு மறுபடி பதிமூன்று சுற்று, ஒரே நாள் வேலை என்றாள். அவர் அறை மட்டும் காய்ந்திருந்தது. தண்டடியில் இருக்கிற கட்டடத்திலிருந்து எல்லாம் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அதனால் ஏழு அதிகாரிகளும் வீட்டை விட்டுவிட்டு அங்கேயே தங்கியிருந்தார்கள். கூட்ட அறை ஜன்னலில் அவர்களுடைய பனியன்கள் காய்ந்தன.

"அம்பை மாத்தினா, ஏழு மீட்டிங்ல உக்காந்து என்னத்தப் பார்த்தீங்கன்னு கேப்பாங்கம்மா" என்றார் நெக்ஸ்டு சார். "இப்ப என்ன குறை? வீடு தேடிப் போகுது. வேற எந்த ஊர்ல இப்படிப் போகுது, சொல்லுங்க பார்ப்போம்."

பேசிக்கொண்டே காதைக் குடைந்து, விரலில் வந்ததை உற்றுப் பார்த்து, மேசை விளிம்பில் தேய்த்தார். அடுத்த வாரம் அந்தத் திட்டத்துக்கு 'இல்லம் தேடி வடிகால்' என்று பெயர் வைத்து, அதற்கும் சரி சொன்னார்கள். இவர்களையெல்லாம் பெற்றவர்கள் என்ன நினைத்துப் பெற்றார்களோ.

ஸ்லைடக்கா தன் மேசையில் சரியான படத்தைச் செய்து முடித்தாள். மேசையில் இருக்கிற வரைக்கும் அதனால் பயனில்லை. சுவரில் தெரிய வேண்டும், ஏழு பேர் சரி சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் பார்க்காமலே சரி சொல்கிறவர்கள் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த ஆய்வுக் கூட்டத்தில், பழைய படத்துக்கு அடுத்த ஸ்லைடாக இதைச் செருகி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கூட்டம் மூன்று முறை தள்ளிப்போனது. ஒருவருக்கு ஜலதோஷம், ஒருவருக்கு மைத்துனன் வீட்டு விசேஷம், மூன்றாம் முறைக்குக் காரணமே சொல்லவில்லை. அதற்குள் தங்கைக்குப் பெண் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூட்டம் செவ்வாய்க்கிழமை. கட்டில் காலில் ஒரு நுனி முளைத்து மெத்தை அடிப்பக்கம் முழுக்க ஊறிப்போயிருந்தது, மேசையும் அப்படியே. தங்கை முக்காலியில் உட்கார்ந்து இரண்டு நாளும் குழந்தையைக் கையிலேயே வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது, இன்றைக்கு மதியத்துக்குள் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு இருபதுக்கு "நெக்ஸ்ட்" வந்தது. அவள் அமுக்கினாள். அதே மரம், அதே நீலம், அம்பு மட்டும் நுனியிலிருந்து தண்டுக்கு. ஏழு வாயும் பிஸ்கட்டோடு சரி சொல்லின. அந்தக் கணமே ஊர் முழுக்கச் சாக்கடை திரும்பியது. தரையில் நின்றதெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போனது, ஈரம்கூட மிச்சமில்லை. கடைவீதியில் ஒரு தையல்காரர் தன் கடைத் தரை என்ன நிறம் என்பதை அன்றைக்குத்தான் மறுபடி பார்த்ததாகச் சொல்கிறார். எட்டாயிரத்துச் சொச்சம் நுனியிலிருந்தும் ஓடியது தண்டுக்கு வந்தது, தண்டின் அடியில் அலுவலகம் இருந்தது. கூட்ட அறைத் தரை பொங்கியது. செருப்பு மூழ்கி, கணுக்கால் மூழ்கி, முழங்கால் வரை வந்தது. பிஸ்கட் தட்டு மிதந்தது. ஏழு பேரும் வேட்டியையும் பேன்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள். இத்தனை நாளாக ஊருக்கு அனுப்பியது அவர்கள் கட்டடத்து வாசனைதான், ஆனால் அவர்களால் தாங்க முடியவில்லை. மேசை மேல் நின்ற நெக்ஸ்டு சார் அந்த அறையில் முதல் தடவையாக வேறு ஒன்று சொன்னார்.

"முந்தினதுக்குப் போங்கம்மா."

அவள் போனாள். யோசித்துப் போகவில்லை, பயந்தும் போகவில்லை. பத்தொன்பது வருடமாகச் சொன்னதும் அமுக்குகிற விரல், சொன்னதும் அமுக்கியது. பழைய படம் சுவரில் வந்தது, ஏழு பேரும் கத்திச் சரி சொன்னார்கள், அறை வடிந்தது, வடிந்ததெல்லாம் ஒரே மூச்சில் வீடுகளுக்குத் திரும்பிப் போனது. சுவர்க் கடிகாரத்தின்படி மொத்தம் பதினோரு விநாடி. தன் விரல் பொத்தான் மேல் இருப்பதை அவள் பார்த்தது அதற்கப்புறம்தான். அறைக்கு வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

வீட்டில் தங்கை வாசலில் நின்றாள். குழந்தை நீலம் பாரித்து, மூக்கில் நுரையோடு இருந்தது.

"தரை காஞ்சுதுக்கா" என்றாள் தங்கை. "கைய வெச்சுப் பார்த்தேன், நிஜமாவே காஞ்சுது. நீ சொன்னபடி மாத்திட்டேன்னு நெனச்சேன். ரெண்டு நாளா தூக்கித் தூக்கிக் கை மரத்துப் போச்சு. அதான் புள்ளைய கீழ விட்டேன்."

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து குழந்தை பிழைத்தது. இடது காது கேட்காது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் தங்கை முதன்முதலாக அதைச் சொன்னாள்: "எங்க அக்கா சரி பண்ணி வெச்சத எவன் கை திருப்பிப் போட்டுச்சோ, அந்தக் கை அழுகிப் போகணும்." ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்லைடக்கா, ஆமாம் என்றாள்.

இனி யாரும் அம்பைத் தொடாதபடி திட்டத்தின் கோப்பைப் பூட்டிக் கடவுச்சொல் போட்டுவிட்டு நெக்ஸ்டு சார் மேலிடத்துக்கே பதவி உயர்வில் போனார். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லை, அவருக்கே மறந்திருக்கும். பக்கத்து ஊர்கள் மூன்று அந்தப் படத்தின் நகல் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றன. தச்சர்கள் இப்போது கட்டில் கால்களை இடுப்பு உயரத்துக்குச் செய்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு ஏணி உண்டு, புதிதாகக் குடி வருகிறவர்கள் ஒரு வாரம் மூக்கைப் பிடிப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். நான் இன்னும் விடவில்லை. ஸ்லைடக்கா அதே நாற்காலியில் புது சாருக்குப் பொத்தான் அமுக்குகிறாள். குழந்தைக்கு நாலு வயது. சாயங்காலம் உயரக் கட்டிலில் மூன்று பேரும் உட்காரும்போது, கீழே மிதப்பதைப் பார்த்துத் தங்கை தினமும் ஒரு முறை அந்தக் கையைச் சபிப்பாள், அக்கா தினமும் ஆமாம் என்பாள். குழந்தை வலது காதைத் திருப்பி இரண்டையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்கும். பெரியம்மா கையால் ஊட்டினால்தான் அது சாப்பிடுகிறது.