அலமேலு இருக்கிற வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். அவர்களுக்கு இமிகிரேஷன் ஆபீஸ் தெரியாது. தெரிந்திருந்தால், கட்டின பெண்டாட்டிக்கு விசா வாங்கிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

மெய்யநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. மலேசியாவில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். முதல் மனைவி வடிவம்மாள் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. அலமேலுவை அவர் கட்டியது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அவள் தேவகோட்டைப் பக்கம். படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயாருக்குப் பணிவிடை செய்தே நாற்பத்தொரு வயது வரை ஓட்டிவிட்டாள். தாயார் கண்ணை மூடிய பிறகு தூரத்து உறவில் வந்த சம்பந்தம் இது.

மனைவியாகத் தங்க முதலில் கொடுத்த பாஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போனபோது, நீங்கள் ஒரே வீட்டில் வாழ்வதற்கு ஆதாரம் போதாது, வந்து பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்த்துத் திருப்தி இல்லையென்றால் மாதக் கடைசியில் அலமேலு விமானம் ஏற வேண்டியதுதான். ஏறி எங்கே போவாள்? தேவகோட்டை வீட்டைத் தம்பி வாடகைக்கு விட்டு எத்தனையோ நாளாகிறது.

அவர்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. சுங்கை பினாங்கில் ஒன்பதாவது மாடி வீடு அது. கதவைத் திறந்தால் முக்காடு போட்ட ஓர் அம்மாளும், தோளில் பையோடு ஓர் ஆளும் நிற்கிறார்கள். அம்மாள் பெயர் நூர் ஃபாத்திஹா, ஆள் பெயர் ஹாஃபிஸ் என்று கழுத்து அட்டை சொன்னது. அலமேலு புருஷனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மெய்யநாதனோ கிரேன் மேலே இருந்தார். மேலே ஏறும் ஆட்கள் போனைக் கீழேயே பூட்டி வைத்துவிட வேண்டும். வீட்டில் இருந்தது யமுனா மட்டும்தான்.

யமுனா வடிவம்மாளின் மகள். இருபத்துநாலு வயது. ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அலமேலுவிடம் அவள் பேசிய பேச்சையெல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட்கார்டில் இடம் மிஞ்சும். சண்டை போட்டதில்லை. சண்டை போடவும் கொஞ்சம் ஒட்டுதல் வேண்டுமே. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "அப்பாவோட ஆன்ட்டி" என்பாள்.

ஃபாத்திஹா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கையறை அலமாரி முழுக்க வடிவம்மாளின் சேலைகள். கட்டிலடியில் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அலமேலுவின் துணிமணி மொத்தமும் அதில்தான் இருந்தது, ஊரிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே. குளியலறையில் இரண்டு பிரஷ் மட்டும் இருந்தன. அலமேலு தன் பிரஷ், சோப்பு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் எடுத்துப் போய், கையோடு திரும்பக் கொண்டுவந்து விடுவாள். தாயை இழந்த பெண்ணின் கண்ணில் தன் சாமான் உறுத்தக் கூடாதென்று அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நல்ல மனசுதான். ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஃபாரத்தில் நல்ல மனசுக்கு ஏது கட்டம்?

கரண்ட் பில்லைக் கேட்டாள். அதில் வடிவம்மாள் என்று இருந்தது. யார் இது என்று மலாயில் கேட்டதற்கு, யமுனா சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். ஃபாத்திஹா ஹாஃபிஸைப் பார்த்தாள். இந்த வீட்டில் செத்தவள் இருக்கிறாள், உயிரோடு இருப்பவளைக் காணோமே என்கிற பார்வை அது. அப்படித்தான் அலமேலுவுக்குப் பட்டது.

தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று அலமேலுவை அடுப்படிக்கு அனுப்பினார்கள். அடுப்படிக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான். அவளுக்கு மலாய் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் பேசியதில்லை, தப்பாகப் பேசிச் சிரிப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் பேச ஆளில்லாத வீட்டில் இரண்டு வருஷம் மத்தியான மலாய் சீரியல் பார்த்தவளுக்குக் காது பழகாமல் இருக்குமா? இந்தப் பெண் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், என் கதை முடிந்தது என்று அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க உண்மையிலயே இங்கதான் இருக்காங்களா?" என்று ஃபாத்திஹா கேட்டாள்.

யமுனா மலாயில் பேச ஆரம்பித்தாள்.

"இருக்காங்க. எனக்கு லீவுன்னாலும் காலையில அஞ்சு மணிக்கே பாத்திரத்த உருட்டுவாங்க. நான் வேலை முடிஞ்சு வந்து படுத்தா, அப்பத்தான் தேங்கா ஒடைப்பாங்க. ரசத்துல புளி ஜாஸ்தி. ரெண்டு வருஷமா ஜாஸ்தி. என் யூனிஃபார்ம உள்பக்கம் வெளிய தெரியற மாதிரிதான் மடிப்பாங்க. தினமும் நான் திருப்பிப் போட்டுக்கறேன்."

அதுவரை சும்மா இருந்த ஃபாத்திஹாவின் பேனா ஓட ஆரம்பித்தது. விருந்தாளியைப் பற்றி யாரும் இத்தனை குறை சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளும் ஒரு வீட்டுக்கு வாழப் போனவள்தானே.

அடுப்படியில் அலமேலுவுக்கு முகம் எரிந்தது. ஒவ்வொன்றும் நிஜம். இதையெல்லாம் என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று ஆற்றாமையாக இருந்தது.

"இன்னொண்ணு," என்றாள் யமுனா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்கம்மா படத்துக்கு நான்தான் பூ வைப்பேன். இவங்க வந்ததுலேருந்து நான் வர்றதுக்குள்ள வச்சிடறாங்க. வச்சிட்டுப் படத்துக்கிட்ட பேசறாங்க. அக்கா, அடுப்படிக்குப் போறேன், போகட்டுமான்னு கேக்கறாங்க. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். வாசல்ல செருப்பக் கழட்டும்போது எனக்குக் கேக்கும். எங்கம்மாகிட்ட நான்கூட அப்படிப் பேசினதில்ல."

அலமேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள்.

"பாஸ் கொடுக்கலன்னா அவங்க ஊருக்குப் போயிடணும். உங்களுக்கு அது பரவாயில்லையா?" என்று ஃபாத்திஹா கேட்டாள். இது ஃபாரத்தில் இருந்த கேள்வியா, அவளாகக் கேட்டதா, தெரியாது.

"அம்மா போனப்புறம் எங்கப்பா மூணு வருஷம் சிங்க் பக்கத்துல நின்னுகிட்டே சாப்பிட்டார். தட்ட அங்கயே கழுவி வச்சிட்டுப் போயிடுவார். இப்ப மேசையில ஒக்காந்து சாப்பிடறார்," என்றாள் யமுனா. "அவர் திரும்ப நின்னுகிட்டு சாப்பிடறத என்னால பாக்க முடியாது."

ஹாஃபிஸ் வந்து திரையை விலக்கி அலமேலுவைக் கூப்பிட்டார். மகள் சொன்னதை அவள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள் என்று ஃபாத்திஹா யமுனாவிடம் சொன்னாள்.

யமுனா அலமேலுவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்லலா ஆன்ட்டி. நீங்க இங்கதான் இருக்கீங்க, வீட்ட நல்லா பாத்துக்கிறீங்கன்னு சொன்னேன். ஆமான்னு சொல்லுங்க, போதும்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இத்தனை நாள் தலையாட்டியே காலம் தள்ளியவள்தான். ஆனால் அந்தப் பெண் மனசைத் திறந்து கொட்டியதைக் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி நிற்பது திருட்டுத்தனம் என்று அலமேலுவுக்குப் பட்டது. வாழ்நாளில் முதல்தடவையாக வாயைத் திறந்து மலாய் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, தட்டுத் தடுமாறி வந்தது.

"எல்லாம் உண்மை. புளி உண்மை. துணி உண்மை. பூ... நாளையிலேருந்து நான் வைக்க மாட்டேன்."

யமுனாவின் முகம் செத்துப்போயிற்று. ஹாஃபிஸ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாத்திஹா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே வீட்டில் வாழ்கிறார்களா என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதினாள். முடிவு மேலிடத்தில்தான், ஆனால் நான் கண்டதை எழுதிவிட்டேன் என்று சொல்லி, காகிதத்தை அலமேலு பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆன்ட்டி," என்றாள் யமுனா தமிழில். "வெள்ளிக்கிழம மட்டும் பூவ எனக்கு விட்டுடுங்க. மத்த நாள் நீங்களே வைங்க."

அலமேலு சரியென்று தலையசைத்தாள்.

"அப்புறம்," யமுனா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், "அடுப்படிக்குப் போறதுக்கு இனிமே யாரையும் கேக்காதீங்க."

என்ன பேசிக்கொள்கிறீர்கள், எழுத வேண்டிய விஷயமா என்று ஃபாத்திஹா கேட்டாள். வீட்டு விஷயம் என்றாள் யமுனா. அலமேலு பேனாவை வாங்கினாள். காகிதம் நகர்ந்து, போட்ட கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருந்த மாதிரி வரவில்லை. யமுனா பக்கத்தில் வந்து காகிதம் நகராமல் பிடித்துக்கொள்ள, அவள் மறுபடியும் போட்டாள்.