மாமியாரின் முதுகு

"ஒரு பக்கமா சாச்சுப் பிடி" என்று தையல்காரம்மா சொன்னதும், மருமகள் மாமியாரின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தாள். உயிர் போன உடம்பு இன்னும் விறைக்கவில்லை. முதுகைத் துடைக்க ஈரத்துணியோடு குனிந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

மருமகளுக்குத் தெரியும். வெறும் சிவப்பாக இருந்தபோதே தெரியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பவுடரைத் தூவிவிட்டு ஓடியவள் அவள்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், நகரத்து ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலை. விடிவதற்குள் சோதனைச் சாவடி வரிசையில் நிற்காவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அந்தக் குடியிருப்பே அப்படித்தான். விடிந்தால் கிழடுகளும் நாய்களும்தான் மிச்சம். கணவனோ லாரியோடு போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டான். கிழவி போட்டது போட்டபடி கிடப்பாள். சாயங்காலம் வந்து கேட்டால், "எனக்கென்ன, மகாராணி மாதிரி படுத்திருக்கேன்" என்பாள். சில நாள் அலுப்பில், நாற்றம் தெரியாதவள் போல மருமகள் நடுக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததும் உண்டு.

வாசலில் வண்டி வந்து நின்றது. நாத்தனார்.

தையல்காரம்மா பழைய துணியைக் கிழித்து, மடித்து, புண்ணின் மேல் வைத்துக் கட்டினாள். இருவருமாகச் சேலையைச் சுற்றி மல்லாத்தினார்கள்.

"போய்க் கதவத் திற" என்றாள் தையல்காரம்மா, முகத்தைப் பார்க்காமல். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மருமகளுக்கு.

நாத்தனார் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தாள். பிறகு எழுந்து வந்து மருமகளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ல எப்பவும் உங்க பேச்சுதான் அண்ணி. மருமக என்னைக் கொழந்த மாதிரி பாத்துக்கிறான்னு சொல்லுவாங்க. பெத்த பொண்ணு நான் செய்யல, நீங்க செஞ்சீங்க."

கிழவி அப்படிச் சொல்லியிருப்பாள் என்று மருமகள் நினைத்ததே இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். தையல்காரம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் மருமகளின் வாயில் வந்தது.

அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்ட நாத்தனாருக்கு மறுபடியும் அழுகை பொங்கியது. காலையிலிருந்து அண்ணி பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள் என்று சொல்லி, யாரோ கொண்டுவந்த தேநீரை வாங்கினாள். சூடு போக ஆற்றி, தன் கையாலேயே மருமகளின் வாயருகே பிடித்தாள்.

மருமகள் தலை நிமிராமல் மடக்கு மடக்காகக் குடித்தாள்.