‘சதுப்பு வீடு’, பக்கம் முப்பத்தொன்று

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை மடக்கிக்கொண்டால் எல்லோருக்கும் இடமிருக்கும். மூன்றே எழுத்துள்ள ஓர் இங்கிலீஷ் சொல்லுக்குள் தங்கிப்போன ஒருத்தியின் கதை இது.

இங்கிலாந்தில் ஈலி என்ற ஊருக்கு வடக்கே, கால்வாய்க் கரையோர வீட்டில், ஹெஸ்டர் பிக்கார்ட் அன்று காலை முன்னறைத் தரையில் முழங்காலிட்டிருந்தாள். சுற்றிலும் குவியல் குவியலாகக் காகிதச் சீட்டுகள். பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேக்கரண்டி. பெரிய அகராதி ஒன்றுக்காக ஊர் ஊராக ஆட்கள் சம்பளமில்லாமல் புத்தகம் படித்து, சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, புத்தகப் பெயரும் பக்கமும் குறித்து அனுப்பிய காலம் அது. இந்த வீட்டில் படித்து எழுதியவள் தங்கை டார்கஸ். அர்த்தவாரியாகப் பிரிப்பவள் ஹெஸ்டர். டார்கஸ் ஜனவரியில் கண்ணை மூடிவிட்டாள். அவள் சேர்த்து வைத்த கடைசிச் சொல் ‘செட்’.

சின்னச் சொல்தான். ஆனால் மேசையில் தட்டு வைத்தாலும் செட், சூரியன் சாய்ந்தாலும் செட், பழப்பாகு இறுகினாலும் செட். எலிக்குப் பொறி வைத்தாலும், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டினாலும், ஒருத்தி ஒன்றையே நினைத்து மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாலும் அதே செட். பத்து மாதமாகப் பிரித்தும் தரை தெரியவில்லை.

போன வாரம் தட்டு வைக்கும் குவியலில் ஒரு சீட்டு கிடைத்தது. ‘அவள் இரண்டு தட்டு வைத்தாள், ஒன்றில் சாப்பிட்டாள். சதுப்பு வீடு, பக்கம் 31.’ ஹெஸ்டர் மெல்லத் திரும்பி மேசையைப் பார்த்தாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து தினமும் வைப்பதுபோல இரண்டு தட்டுகள் இருந்தன. இதை எழுதியவள் அதைப் பார்க்க இருந்திருக்க முடியாது. முதுகில் ஈரத்துணி பட்டதுபோல இருந்தது.

அப்புறம் தேடத் தேட, ஒவ்வொரு குவியலிலும் ஒன்றிரண்டு கிடைத்தன. மொத்தம் முப்பது சீட்டுகள், எல்லாவற்றிலும் சதுப்பு வீடு என்றே பெயர். பக்கம் 17: ‘கை கோணலாகக் கட்டப்பட்டுக் கோணலாகவே கூடிவிட்டது, வலிக்கிறதா என்று அக்கா கேட்கவில்லை.’ டார்கஸ் ஒரு வருஷம் பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்ட கதை அது. அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் கிடையாது. முப்பதையும் ஹெஸ்டர் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நடக்கும்போதெல்லாம் அவை சரசரத்தன, பக்கத்தில் யாரோ கூடவே நடப்பதுபோல.

பத்து மணி ரயிலில் அகராதி ஆபீஸிலிருந்து ட்ரெட்கோல்ட் வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார்.

“கதவைச் சாத்துங்க, சீட்டு பறக்கும்!” என்றாள் ஹெஸ்டர்.

“சாத்திட்டேன், மிஸ் பிக்கார்ட். மூச்சுகூட மெதுவாத்தான் விடறேன். இந்தச் சொல்லால எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு முடி கொட்டிப் போச்சு. மூணாவது ஆளு நான், பாருங்க.” வழுக்கையைத் தடவிக்கொண்டே நாற்காலியை இழுத்தார்.

“அதுல வேண்டாம்!”

அவர் பாதி குனிந்தபடியே நின்றார். எதிரே இருந்த சுத்தமான தட்டைப் பார்த்தார். ஜன்னல் திண்டில் போய் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

“இது உங்க தங்கச்சி முன்னாடியே அனுப்பினது. ‘பாகு இறுகவில்லை, அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பன்றிக்கு ஊற்றினாள்.’ சதுப்பு வீடு, பக்கம் 9. எந்த லைப்ரரியிலயும் இந்தப் புத்தகம் இல்லம்மா. ஆபீஸ் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஒரு சீட்டு இட்டுக்கட்டினதுன்னா அந்தக் கை எழுதின எல்லாத்தையும் நீக்கிடணும். பதினோரு வருஷம், நாலாயிரம் சீட்டு. முன்னுரையில பேரும் வராது.”

டார்கஸின் பெயர் அச்சில் வரக்கூடிய ஒரே இடம் அந்த முன்னுரைதான். கல்லறைக் கல்லைக்கூட மழைக்காலச் சேறு பாதி விழுங்கிவிட்டது.

“புத்தகம் இருக்கு,” என்றாள் ஹெஸ்டர். “அச்சாகல. அவ கையால எழுதினது.”

“கையெழுத்துப் பிரதின்னா பரவாயில்ல. டைரி, உயில் எல்லாம்கூட எடுத்திருக்கோம். ஆனா முழுசா ஆபீஸ்ல ஒப்படைக்கணும். யார் வேணாலும் படிப்பாங்க.” கொஞ்சம் தயங்கினார். “எத்தனை பக்கம்?”

அவள் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். பதினேழாம் பக்கத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். ட்ரெட்கோல்ட் கையை நீட்டிக் காத்திருந்தார். கடைசியில் அதையும் கொடுத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். “எலும்பு கட்டற அர்த்தத்துக்கு எங்ககிட்ட இவ்வளவு நல்ல வாக்கியம் வேற இல்ல,” என்றார் தரையைப் பார்த்தபடி. “இதைத்தான் அச்சுல போடுவாங்க.”

“போடட்டும்.”

எழுதியது டார்கஸ்தான், எழுதியதெல்லாம் உண்மைதான் என்று ஹெஸ்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். சீட்டுக் கட்டைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு அவர் கரையோடு நடந்தார். பத்தடி தாண்டியதும் மூடுபனி அவரை மறைத்துவிட்டது.

ஏப்ரன் பை இப்போது காலி. ஆனாலும் அவள் உள்ளே திரும்பியபோது சரசரப்பு கேட்டது. சத்தம் வந்த பக்கம் போய் அலமாரியை நகர்த்தினாள். பின்னால் ஒரு சீட்டு. மேல் மூலையில் டார்கஸின் சாய்ந்த கையெழுத்தில் பக்கம் 32 என்று மட்டும் இருந்தது. கீழே வெறும் வெள்ளை.

ஹெஸ்டர் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.

“வலிச்சுதாடி, டார்கஸ்?”

கேட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் குரல் என்றும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.